மேற்குச் சரிவில் காற்று திரும்பும் நேரம்

மார்ச் 3, திங்கள்

தீக்காலம் தொடங்கிவிட்டது. ரேஞ்சர் நேற்றே போனில் சொல்லியிருந்தார்: "தீக்காவலருங்க ரெண்டு பேருக்கும் காத்து, தீ பத்தி அரை மணி நேரம் கிளாஸ் எடும்மா. மறக்காம ஒரு போட்டோ எடுத்து அனுப்பு." போட்டோதான் முக்கியம் என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் எனக்கு ஆசையாக இருந்தது. புவியியல் படித்துவிட்டு வனக்காப்பாளர் வேலைக்கு வந்த இந்த ஒன்றரை வருடத்தில், படித்ததைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எங்கள் முகாம் குதிரைமூக்கு மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. காலையில் அடிவாரத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஏறுவேன், இருட்டுமுன் இறங்கிவிடுவேன். தவசி அண்ணனும் செவனாண்டி அண்ணனும் கீழே அடுக்கம்பட்டிக்காரர்கள். தீக்காலம் முடியும்வரை மூன்று மாதத்துக்குத் தற்காலிகக் காவலர்கள்.

பதினோரு மணி வெயிலில் பாறைமேல் ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். புகை சரிவை ஒட்டியே மேலே ஏறியது. வெயில் பட்டு மலை சூடாகிறது, மலையை ஒட்டிய காற்றும் சூடாகி லேசாகி எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று ஏறி வருகிறது என்று விளக்கினேன். ஓரிடத்தில் சூடு கூடி இன்னோரிடத்தில் குறைந்தால் அதைச் சரிக்கட்ட ஓடுவதுதான் காற்று. சாயங்காலம் மலை சீக்கிரம் ஆறிவிடும். அப்போது குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து இறங்கும். கடற்கரையிலும் இதே கதைதான், பகலில் கடலிலிருந்து கரைக்கு, இரவில் கரையிலிருந்து கடலுக்கு.

"பகல்ல ஏறுகாத்து, பொழுது சாஞ்சா எறங்குகாத்து. எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவுக எல்லாருக்கும் தெரியும். இதுக்குப் போயி ஊதுபத்தியா மேடம்?" என்றார் தவசி அண்ணன். சிரிக்காமல் சொல்வார், கேட்பவர்கள்தான் சிரிப்போம்.

"நடுமத்தியானம் சுத்திக்கிட்டே வருமே பேய்க்காத்து, அது எதுல சேத்தி?" என்று செவனாண்டி அண்ணன் கேட்டார். ஒரு சின்ன இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடானால் அங்கே காற்று சுழன்றுகொண்டே எழும், பேய் இல்லை என்றேன். நம்பவில்லை.

இன்று முதல் காற்று திரும்பும் நேரத்தைக் குறிக்கப் போகிறேன். இன்று 5.20.

மார்ச் 7, வெள்ளி

தீ தாண்டாமலிருக்கப் புல் செதுக்கிப் போட்ட தீத்தடுப்புக் கோட்டில் விழுந்த சருகைக் கூட்டினோம். மூன்று பேரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அரிசியில் வண்டு, வெயிலில் காயப் போட்டேன்.

தவசி அண்ணன் வீட்டிலிருந்து மாவடு வந்தது. "பாண்டீஸ்வரி உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சா" என்றார். மனைவியைப் பற்றிப் பேசினால் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். "மகளுக்குக் காது குத்துன அன்னைக்கு நிதானம் இல்லாம விழுந்து கிடந்தேன் மேடம். அன்னைக்கி அவ ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா இன்னமும் குடிச்சிக்கிட்டுத்தேன் இருப்பேன்."

காற்று திரும்பியது 5.25.

மார்ச் 11, செவ்வாய்

5.15. நேற்று 5.20. கடிகாரம் தோற்றுவிடும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று எழுத முடியாது.

மார்ச் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது.

நேற்று பிற்பகல் இரண்டு மணிக்கு மலைமுகட்டின் பின்னால் புகை தெரிந்தது. மேற்குச் சரிவு. மூவரும் முகட்டைத் தாண்டி இறங்கினோம். அடியில் யாரோ புல்லுக்கு வைத்த தீ, ஏறுகாற்றில் வேகமாக மேலே வந்துகொண்டிருந்தது. போனில் ரேஞ்சர், "சோலைக்குள்ள ஏறிருச்சுன்னா அம்புட்டும் போச்சு, எப்படியாவது நிறுத்துங்க, ஏழு மணிக்குள்ள ஆள் அனுப்புறேன்" என்றார். அந்தப் பக்கத்துத் தடுப்புக் கோட்டில் நின்றுகொண்டோம். காற்று கீழ்நோக்கித் திரும்பினால், கோட்டிலிருந்து நாமே ஒரு தீயைக் கீழே இறக்கி, வரும் தீக்கு முன்னாலிருக்கும் புல்லை எரித்துவிடலாம், அதுதான் எதிர்த்தீ. 5.30க்கு எதிர்த்தீ வைக்கப்பட்டது. காற்று மீண்டும் மேல்நோக்கி வீசியது. தீ கோட்டைத் தாண்டியது. கோட்டுக்கு மேலே ஓடைப் பள்ளத்தில், பறக்கும் பொறிகளை அணைக்க நின்றிருந்த தவசியால் வெளியே வர முடியவில்லை. செவனாண்டியும் நானும் பக்கவாட்டில் இருந்த பாறைக்கு ஓடித் தப்பினோம்.

தவசி அண்ணன் இறந்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அடுக்கம்பட்டிக்குப் போனேன். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். முகத்தைத் திறக்கவில்லை. மாலையை ஆட்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அங்கிருந்து நேராக ரேஞ்ச் ஆபீஸ். ரேஞ்சர் குணசீலன் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. "காவலர் தவசி, மேலதிகாரியின் அனுமதியின்றித் தன்னிச்சையாக எதிர்த்தீ வைத்ததில்" என்று தொடங்கியது.

"சார், இது…"

"ஏம்மா, உனக்கு இன்னும் புரொபேஷன் முடியல. எதிர்த்தீ வைக்க என்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். வாங்குனியா? நான் குடுத்தேனா? உள்ளதை எழுதுனா நீயும் வீட்டுக்கு, நானும் வீட்டுக்கு. போனவரு திரும்பியா வரப்போறாரு?"

கையெழுத்துப் போட்டேன். தீக்குச்சியை உரசியது தவசி அண்ணன்தான். அது பொய் இல்லை.

மார்ச் 19, புதன்

யூனிபார்மை மூன்று தடவை துவைத்துவிட்டேன். இரண்டு வாளி தண்ணீர் வீண். அம்மா போன் செய்தாள், சாப்பிட்டாயா என்றாள், சாப்பிட்டேன் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பாண்டீஸ்வரி அக்கா குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்கள ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன் மேடம். அன்னைக்கி அவுக குடிச்சிருந்தாகளா?"

"யாருக்கா அப்படிச் சொன்னது?"

"ஊரே சொல்லுது. யாரு பேச்சும் கேக்காம அவுகளாவே தீய வச்சுட்டாகளாம், ஆபீஸ்ல எழுதியிருக்காம். நெதானத்துல இருக்கிற ஆளு அப்படிச் செய்வாகளான்னு கேக்குறாக. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீங்க கூட இருந்தீக. சொல்லுங்க."

எனக்குத் தெரியாது அக்கா, நான் கவனிக்கவில்லை என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கவனிக்கவில்லை என்றுதானே சொன்னேன். குடித்திருந்தார் என்று சொல்லவில்லையே.

மார்ச் 30, ஞாயிறு

புதிதாக இரண்டு பேரைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். செவனாண்டி அண்ணன் வேறு முகாமுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். கணக்குநோட்டைக் கொடுக்க வந்தபோது நானாகவே பேச்சைத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"நான் எதையும் பாக்கல மேடம். பாக்கலன்னே இருந்துட்டுப் போறேன். எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக."

ஏப்ரல் 6, ஞாயிறு

அடிவாரத்து டீக்கடையில் கேட்டேன். மேற்குப் பக்கத்து ஊர்களில் மேய்ச்சல் புல் மொத்தமும் போய்விட்டதாம், ஆடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்களாம். "ஒரு குடிகாரப் பய பண்ணுன வேல" என்றார் ஒருவர். கடைக்காரர் என் யூனிபார்மைக் கண்ணால் காட்டி அவரை அடக்கினார். அவர் என்னிடம் திரும்பி, "உங்களச் சொல்லல மேடம், நீங்க என்ன பண்ணுவீக" என்றார்.

டீயைக் குடித்து முடித்தேன். முழுவதும் குடித்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று, விடுமுறை. ஊருக்குப் போகவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பி முகட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் போய் உட்கார்ந்தேன். கரி இன்னும் காலில் ஒட்டுகிறது. தடுப்புக் கோட்டுக்குக் கீழும் மேலும் ஒரே கருப்பு, கோடு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

கையில் சாம்பலை அள்ளி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப் பார்த்தேன். 5.00, மேலே. 5.20, மேலே. 5.35க்கு அசைவே இல்லை, சாம்பல் காலடியிலேயே விழுந்தது. 5.45க்கு மறுபடியும் மேலே, முன்பைவிட வேகமாக. 6.15, மேலே. சூரியன் எதிர்முகமாக நின்று என் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது. 6.50க்குத்தான் காற்று திரும்பியது.

நான் குறித்து வைத்திருந்த நேரமெல்லாம் கிழக்குச் சரிவினுடையது. அங்கே நான்கரை மணிக்கே நிழல் விழுந்துவிடும், மலை ஆறிவிடும், ஐந்தேகாலுக்குக் காற்று இறங்கிவிடும். மேற்குச் சரிவில் பொழுது சாயும்வரை வெயில் நேராக அடிக்கிறது. மலை சூடாக இருக்கும்வரை காற்று ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதைத்தான் ஊதுபத்தி கொளுத்தி வைத்து வகுப்பு எடுத்தேன்.

மார்ச் 15ஆம் தேதிக் குறிப்பை எடுத்துப் படித்தேன். "எதிர்த்தீ வைக்கப்பட்டது." யார் வைத்தது, யார் வைக்கச் சொன்னது? நான் சொன்னேன். காற்று நின்றதும் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டி, "இப்ப வைங்க" என்றேன். தவசி அண்ணன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார்.

"மேடம், இந்தப் பக்கம் வெயில் இன்னும் எறங்கலயே. கொஞ்சம் பொறுப்பமா?"

"தினம் அஞ்சேகாலுக்குத் திரும்புதுண்ணே. இப்பவே கால் மணி நேரம் லேட். வைங்க."

"ஆள் வந்துரட்டுமே."

"அதுக்குள்ள மேல ஏறிரும். சொல்றதச் செய்ங்கண்ணே."

தீக்குச்சியை எடுத்தார். உரசினார்.

ஏப்ரல் 23, புதன்

இன்று பாண்டீஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி. அவர் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் தவசி அண்ணன் படம் எதுவும் இல்லை. செத்தவர் வீட்டில் படமும் விளக்கும் இருக்குமே என்று கண் தேடியது. அவருடைய சட்டைகளைக் கிழித்துப் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக ஆக்கியிருந்தார். நீலக் கட்டம் போட்ட ஒன்றை எனக்குத் தெரியும்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். அவர் குடிக்கவில்லை அக்கா. தீ வைக்கச் சொன்னது நான். வேண்டாம், பொறுப்போம் என்றார், நான் கேட்கவில்லை. ஆபீஸில் எழுதியது பொய், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

அவர் கை நிற்கவில்லை. இரண்டு புளியம்பழத்தை உடைத்துக் கொட்டையை எடுத்துப் போட்டார்.

"ஓடைக்குள்ள ஏன் போனாக?"

"தீ வச்சதும் நான்தான் அனுப்புனேன். பொறி பறந்து விழுந்தா அடிங்க, நான் சொல்ற வரைக்கும் வராதீங்கன்னு."

"அப்புறம் வரச் சொன்னீகளா?"

இதை நான் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. என் கையிலும் அவர் கையிலும் வாக்கிடாக்கி இருந்தது. தீ கோட்டைத் தாண்டியதும் நான் ஓடினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் வந்தது: "மேடம், காத்து மேல ஏறுது. நான் வந்துரட்டுமா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "மேடம், வரட்டுமா?" பட்டனை அழுத்தி வாங்க என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் பாறையின் மேல் ஏறிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தடவை வரட்டுமான்னு கேட்டாரு அக்கா. நான் பதில் சொல்லல."

புளியங்கொட்டைத் தட்டைத் தள்ளி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

"ஒரு மாசமா அவுகள நாக்கூசாமத் திட்டிக்கிட்டு இருக்கேன் மேடம். காலையில எந்திரிச்சா திட்டு, படுத்தா திட்டு. சத்தியத்த மீறிக் குடிச்சு எங்களத் தெருவுல விட்டுட்டுப் போயிட்டானேன்னு. எம்மக கேக்குற மாதிரித் திட்டினேன். வெளக்கு வைக்கல. படத்தத் தூக்கிப் பரண்ல போட்டேன். அம்புட்டையும் இப்ப நான் எங்க கொண்டுபோயிக் கொட்ட?"

தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுங்க" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

நான்கு பக்கம் எழுதினேன். ரேஞ்சர் படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா, மனசு சரியாகும்" என்றார். கடிதத்தின் நகலை மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மே 6, செவ்வாய்

விசாரணை. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். என் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது பொய்?"

"முதல்ல குடுத்தது, சார்."

"அப்ப நீங்க பொய்யில கையெழுத்துப் போடக்கூடியவங்க. ரெண்டாவதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

காற்றைப் பற்றிச் சொன்னேன். கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு, நேரம், வெயில். நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. செவனாண்டி அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"தீ வச்சது யாரு?"

"தவசிதேங்க."

"யாராவது வைக்கச் சொன்னாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் தள்ளி நின்னேங்க. காதுல விழல."

ரேஞ்சர் என் உடல்நிலை பற்றி ஒரு குறிப்புக் கொடுத்திருக்கிறாராம். சம்பவத்துக்குப் பின் மனநிலை பாதிக்கப்பட்டிருப்பதாக. எனக்கு இரண்டு மாத மருத்துவ விடுப்பு, அதன்பின் வேறு மாவட்டம். முதல் அறிக்கை அப்படியே நிற்கும்.

மே 7, புதன்

அம்மாவிடம் சொன்னேன். "வேலை போகலல்ல?" என்றாள். போகவில்லை என்றேன். "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று அழுதாள்.

மே 12, திங்கள்

விசாரணை முடிந்த விதத்தைப் பாண்டீஸ்வரி அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவரும் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்: காகிதத்தில் எழுதாவிட்டால் போகட்டும், எங்கள் தெருவில் வந்து சொல்லச் சொல்.

காலை எட்டு மணிக்குக் குழாயடியில் கூட்டம் இருக்கும்போது போனேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனேன், அதைப் போடாமல் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்று பட்டது. குடங்கள் வரிசையில் இருந்தன. நான் தொடங்கியது தண்ணீர் விழும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி அக்கா போய்க் குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கிடாக்கி உட்பட.

ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்தார். மாட்டிக்கொண்டுதான் நிமிர்ந்தார். தவசி அண்ணனின் மகள் பள்ளிச் சீருடையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது இருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ குழாயைத் திறந்தார்கள், வரிசை நகர்ந்தது.

மே 19, திங்கள்

சாமான் அதிகம் இல்லை, இரண்டு பைதான். பதினோரு மணி பேருந்துக்கு அடிவாரத்தில் நின்றேன். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். "இந்தக் காலத்துல யாரு மேடம் நாலு பேர் முன்னால நின்னு இப்படி உண்மையச் சொல்லுவாக" என்றார். பக்கத்தில் இருந்தவர், "பெரிய மனசு" என்றார். புல் போன ஊர்க்காரர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். திரும்பக் கும்பிட்டேன்.

பாண்டீஸ்வரி அக்கா சந்தைக்குப் போகப் புளிமூட்டையோடு வந்தார். கடைக்காரர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் அருகில் வந்தார்.

"ஒரு வாரமா இதேதேன் மேடம். குழாயடியில, கடையில, வேலைக்குப் போற எடத்துல. 'அந்தப் புள்ளைக்கு எம்புட்டு நல்ல மனசு, வேலையப் பத்திக்கூட நெனைக்காம வந்து சொல்லிருச்சே'ன்னு. அவுகளப் பத்தி ஒருத்தரும் பேசல. குடிகாரன்னு சொன்னப்பயாவது அவுக பேரு ஊரு வாயில இருந்துச்சு."

"அக்கா, நான் அதுக்காகச் சொல்லல…"

"தெரியும். நாந்தேன் வந்து சொல்லச் சொன்னேன். உங்க மேல குத்தம் இல்ல." இறக்கி வைத்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். "குத்தம் இல்லன்னு எவ்வளவு லேசா வந்துருச்சு பாருங்க என் வாயிலருந்தே. இனிமே இந்த ஊருக்கு வராதீக மேடம். நீங்க வந்தா நானும் உங்கள நல்லவுகன்னு சொல்லிருவேன்."

பேருந்து வந்தது. முன்வாசல் வழியாக நான் ஏறினேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். சந்தை வரும்வரை இருபது நிமிடம் ஒரே பேருந்தில் போனோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையில் அவர் இறங்கும்போது நடத்துநர் மூட்டைக்குக் கை கொடுக்கப் போனார். "வேணாம், நானே எறக்கிக்கிறேன்" என்று அவர் சொன்னது கேட்டது.